முதல் எலக்ட்ரானிக் மார்க்கர்: வாங்கும் முன்பும் கழற்றும் முன்பும்

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு கிடையாது. பென் ஹில்ஸ் பெருமாள் கோயில் காலண்டரில் முடிந்துபோன மாதத்துத் தாளை, படம் இல்லாததாகப் பார்த்துக் கிழித்து விரித்து, அதன் மேல் பையனின் பெயின்ட்பால் மார்க்கரை, அதாவது சாயப் பந்து சுடும் விளையாட்டுத் துப்பாக்கியை, கழற்றிப் போட்டிருப்பேன். கணவரும் பையனும் தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி முன்னால் போய்விடுவார்கள். கழற்றுவதும் கிரீஸ் போடுவதும் அவன் வேலை என்றுதான் வாங்கும்போது பேச்சு. ஆனால் கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவரின் மகளுக்கு, ஒருவன் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை முறுக்கி மாட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியவில்லை.

பிட்ஸ்பர்க் பக்கம் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் இந்த விஷயம் பரவிவிட்டது. "அக்கா, எலக்ட்ரானிக்தான் வேணுங்கிறான். வாங்கித் தரலாமா?" என்று வருடத்துக்கு நாலைந்து போன் வருகிறது. அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். எங்களிடம் இருக்கும் மார்க்கரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதன் குறைகளில் பாதி, முதலில் வைத்திருந்தவர் அதைக் கவனித்த லட்சணத்தால் வந்தவை. மீதி, இந்த விலையில் கிடைக்கும் எல்லாவற்றுக்கும் பொதுவானவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரம்ப நிலை எலக்ட்ரானிக் மார்க்கர் சுடுவதில் குறை வைக்காது. அது கேட்பதெல்லாம் சுடாத நேரத்தில்தான்: நல்ல காற்று, நல்ல ஹாப்பர் (மேலே மாட்டும் பந்துப் பெட்டி), புது பேட்டரி, ஒரு ட்யூப் கிரீஸ், உங்கள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. இதையெல்லாம் கொடுக்க முடியுமா என்று யோசித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

எலக்ட்ரானிக் என்று எழுதியிருந்தால் போதுமா

போதாது. பெட்டியில் அந்தச் சொல் இருந்தாலும் உள்ளே இருப்பது இரண்டு வேறு வேறு இயந்திரங்களாக இருக்கலாம்.

முதல் வகையில் உள்ளே கனமான சுத்தியல் ஒன்றும் ஸ்பிரிங் ஒன்றும் இருக்கும். ட்ரிகரை அழுத்தினால் ஒரு சிறிய மின்காந்தம் கொக்கியைத் தட்டிவிடும். சுத்தியல் பாய்ந்து வால்வை அடிக்கும். வெளிவரும் காற்றில் ஒரு பங்கு சுத்தியலைத் திரும்பப் பின்னுக்குத் தள்ளும். கொக்கியைத் தட்டுவதோடு மின்சாரத்தின் வேலை முடிந்தது. மற்றதெல்லாம் பழைய மெக்கானிக்கல் மார்க்கர்தான், அதே உதைப்பு, அதே சத்தம். ஸ்பைடர் வரிசையில் வந்த பல எலக்ட்ரானிக் மாடல்கள் இந்த வகை. மோசம் என்று சொல்ல மாட்டேன். முரட்டு உடம்பு, எதையும் தாங்கும். ஆனால் உங்கள் பையன் யூடியூபில் பார்த்து ஆசைப்பட்டது இதுவாக இருக்காது.

இரண்டாவது வகையில் எல்லாவற்றையும் காற்றே செய்கிறது. சொலினாய்டு என்ற சுண்டுவிரல் அளவு மின்வால்வு, போல்ட் என்ற நகரும் உருளையைப் பின்னால் பிடித்து வைத்திருக்கும் காற்றை விடுவிக்கிறது. போல்ட் முன்னே நகர்ந்து பந்தைக் குழாய்க்குள் தள்ளி அடைக்கிறது. அதே நகர்வில், பின்னால் சேர்ந்திருந்த காற்று போல்டின் நடுத்துளை வழியாகப் பாய்ந்து பந்தை வெளியே அனுப்புகிறது. பிறகு சொலினாய்டு மறுபடி மூட, போல்ட் திரும்பி வர, அடுத்த பந்து விழுகிறது. சொலினாய்டு திறந்திருக்கும் நேரத்தை ட்வெல் என்கிறார்கள், மில்லிநொடிக் கணக்கு. அப்பாவின் பட்டறையில் காற்றில் ஓடும் சக் இருந்தது. முதல் தடவை இந்த மார்க்கரைப் பிரித்தபோது போல்டைக் கையில் எடுத்துப் பார்த்து, "அட, இது நம்ம ஸ்பூல் வால்வு" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். இந்த விளையாட்டுக்காரர்களும் அதை ஸ்பூல் என்றுதான் சொல்கிறார்கள்.

பாப்பெட் என்ற இன்னொரு அமைப்பும் உண்டு. அதில் ஒரு சிறு பிஸ்டன் போய் வால்வைத் தட்டும். ஸ்பூலைவிடப் பொதுவாகக் காற்றுச் செலவு குறைவு, ஆனால் சத்தமும் அதிர்வும் அதிகம். குறைந்த விலையில் இரண்டும் கிடைக்கும். பையனோ பெண்ணோ மெலிந்த கைக்காரர் என்றால் ஸ்பூலுக்கே என் ஓட்டு.

இதையெல்லாம் சாதாரணமானவர்கள் வாங்கும்படி ஆக்கியது எங்கள் பக்கத்துச் சரக்குதான். பிட்ஸ்பர்க்கிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் லட்ரோப்; அதை ஒட்டிய லாயல்ஹன்னாவில் இருந்தது ஸ்மார்ட் பார்ட்ஸ் என்ற மார்க்கர் கம்பெனி. 1990-களின் நடுவில் எலக்ட்ரானிக் மார்க்கர்கள் வந்தபோது அவை ஆயிரம் டாலரை ஒட்டிய பொருள்கள். 2005-இல் அவர்கள் அயான் என்ற ஸ்பூல் மார்க்கரை 300 டாலருக்கும் குறைவாகக் கடையில் வைத்தார்கள். அதுவரை பெரும்பாலும் போட்டி அணிக்காரர்களின் கையில் இருந்தது, வார இறுதியில் காட்டுக்குள் ஓடிப் பிடித்து விளையாடும் பிள்ளைகளின் கைக்கு வந்தது. கம்பெனி 2010-இல் மூடப்பட்டுவிட்டது. பழைய அயான்கள் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. பிளானெட் எக்லிப்ஸின் ஈத்தா வரிசை, எம்பயரின் ஆக்ஸ், மினி எல்லாம் பிறகு வந்தவை.

எது நன்றாக இருக்கிறது

ட்ரிகர். இதற்குத்தான் ஆசைப்படுகிறார்கள், ஆசைப்படுவதில் நியாயமும் இருக்கிறது. மெக்கானிக்கலில் ட்ரிகரை இழுக்க வேண்டும்; இதில் கம்ப்யூட்டர் மவுஸைத் தட்டுவது மாதிரி. குறி பார்த்த கை அசையாமல் இருக்கும். என் வலது கைக் கட்டைவிரல் மூட்டில் வலி உண்டு. வாடகை மார்க்கரில் ஒரு மணி நேரம் விளையாடினால் மறுநாள் தோசைக் கரண்டி பிடிக்க முடியாது. இதில் மதியம் வரை ஆடியிருக்கிறேன்.

அடுத்தது கண். பந்து வந்து உட்காரும் இடத்தில் ஒரு பக்கம் அகச்சிவப்பு விளக்கு, எதிர்ப்பக்கம் அதைப் பார்க்கும் சென்சார். நடுவில் பந்து வந்து ஒளியை மறைத்தால்தான் கைப்பிடிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு சுட அனுமதிக்கும். பந்து பாதி இறங்கியிருக்கும்போது போல்ட் பாய்ந்து அதை இரண்டாக நறுக்குவது இதனால் பெரும்பாலும் நின்றுபோகிறது. பந்தின் கூடு வெறும் ஜெலட்டின். மாத்திரை கேப்ஸ்யூல் மாதிரி. ஒன்று உள்ளே உடைந்தால் குழாய் முழுக்க வழுவழுவென்று ஆகி, அடுத்த பத்துப் பந்தும் வளைந்து வளைந்து போகும். என்னைக் கேட்டால் இந்த விலையில் கொடுக்கிற காசுக்கு முழு மதிப்பு இந்தக் கண் ஒன்றுதான். பழைய மார்க்கர் வாங்குவதாக இருந்தால் கண் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, சீரான வேகம். எங்கள் களத்தில் பந்தின் வேகத்தை அளக்கும் க்ரோனோவில் நொடிக்கு 280 அடிக்கு மேல் காட்டினால் உள்ளே விட மாட்டார்கள். பொதுவாக எங்கேயும் 300-ஐத் தாண்டக் கூடாது. போன மே மாதம் பையனின் மார்க்கரில் பத்துப் பந்து வரிசையாகச் சுட்டு எழுதி வைத்தேன்: மிகக் குறைந்தது 271, மிக அதிகம் 278. பக்கத்தில் ஒருவருடைய கார்பன் டை ஆக்சைடு மெக்கானிக்கல் 255-க்கும் 285-க்கும் நடுவில் ஊஞ்சல் ஆடியது. அதைக் கீழே இறக்கி வைத்தால் தூரம் எட்டாது. ஏற்றி வைத்தால் நடுவர் வெளியே அனுப்புவார். பாவம், காலை முழுக்க ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருந்தார்.

குறைகள், எங்கள் பர்ஸ் சொன்ன வரிசையில்

மார்க்கரின் விலை ஒரு முன்பணம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது பழையது, 170 டாலர். வாடகை மார்க்கரோடு வரும் சாதாரண ஹாப்பரில் பந்துகள் தாமாக உருண்டு விழ வேண்டும். இவன் தட்டும் வேகத்துக்கு அது ஈடு கொடுக்காது. கண் "பந்து வரவில்லை" என்று சொல்ல, மார்க்கர் விட்டுவிட்டுச் சுடும். ஆக, மோட்டார் வைத்துப் பந்தைத் தள்ளிவிடும் ஹாப்பர் தேவை. பழையதாகவே 90 டாலர் ஆயிற்று. பிறகு காற்று டேங்க். மார்க்கரை வாங்கிவிட்டுச் சாதாரண ஹாப்பரோடு களத்துக்குப் போனால், 50 டாலர் மெக்கானிக்கலைவிட மோசமான நாள் அமையும். நாங்கள் அப்படி ஒரு நாளைக் கழித்துவிட்டுத்தான் வந்தோம்.

டேங்க் விஷயத்தில் ஒரு பிடிவாதம் வேண்டும்: கார்பன் டை ஆக்சைடு கூடாது. அது டேங்குக்குள் திரவமாக இருக்கிறது. தொடர்ந்து சுட்டால் குளிர்ந்து, சில நேரம் திரவமாகவே மார்க்கருக்குள் புகும். சொலினாய்டின் மெல்லிய சீல்கள் விறைத்துப் போகும். சொலினாய்டு போனால் கிட்டத்தட்ட மார்க்கரே போன மாதிரி. உயர் அழுத்தக் காற்று டேங்க் மட்டும் போடுங்கள். அலுமினியத்தில் 48 கன அங்குலம், 3000 பிஎஸ்ஐ என்பது மலிவானது. ஸ்பூலில் சுமார் நானூறு ஐந்நூறு பந்துக்கு வரும். கார்பன் ஃபைபரில் 68 கன அங்குலம், 4500 பிஎஸ்ஐ என்றால் அதைப் போல இரு மடங்குக்கு மேல் காற்று, எடையும் குறைவு, விலை மூன்று மடங்கு. முதல் வருடத்துக்கு அலுமினியமே போதும். ஆனால் உங்கள் களத்தில் காற்று நிரப்பும் வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். போகிற வழியில் கிடைக்கிற பெட்ரோல் பங்க் காற்று இதற்கு உதவாது.

டேங்கின் மேல் அச்சடித்த தேதியைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். அலுமினிய டேங்கை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை நீர் அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். தேதி தாண்டியிருந்தால் களத்தில் நிரப்ப மாட்டார்கள். 'மார்க்கரோடு டேங்க் இலவசம்' என்று வரும் விளம்பரங்களில் பாதி, தேதி முடிந்த டேங்கைத் தலையில் கட்டுவதற்குத்தான்.

அப்புறம் பந்துச் செலவு. இதை யாரும் குறையென்று எழுதுவதில்லை. எனக்கு இதுதான் பெரிய குறை. வாடகை மார்க்கரோடு ஒரு நாளைக்கு ஐந்நூறு பந்தில் முடித்துக்கொண்டிருந்தவன், எலக்ட்ரானிக் வந்த முதல் சனிக்கிழமை மதியத்துக்குள் ஒரு கேஸைக் காலி செய்தான். கேஸ் என்றால் இரண்டாயிரம் பந்து. பல களங்களில் அவர்கள் விற்கும் பந்தைத்தான் சுட வேண்டும், வெளியிலிருந்து கொண்டுபோக முடியாது. எங்கள் வீட்டில் இப்போது நாளுக்கு ஆயிரம் பந்து என்று சட்டம். அதற்கு மேல் வேண்டுமானால் அவன் பனி அள்ளிச் சம்பாதித்த காசு. ஆச்சரியம் என்னவென்றால் அதற்குப் பிறகுதான் அவன் ஒழுங்காகக் குறி பார்க்க ஆரம்பித்தான்.

மழை. போர்டும் கம்பிகளும் கைப்பிடிக்குள் இருக்கின்றன. விலை உயர்ந்தவற்றில் மூடி இறுக்கமாக இருக்கும். இந்த விலையில் ரப்பர் கைப்பிடியின் ஓரத்தில் நகம் நுழையும். போன அக்டோபரில் தூறலில் ஆடிக்கொண்டிருந்தபோது மார்க்கர் தானாக அணைந்துவிட்டது. காரில் வைத்துக் கைப்பிடியைத் திறந்தால் உள்ளே ஈரம் முத்து முத்தாக இருந்தது. பேட்டரியை எடுத்துவிட்டு, ஹீட்டர் காற்று படும்படி ஒரு மணி நேரம் வைத்தேன், பிழைத்துக்கொண்டது. இப்போது மழை வரும்போல இருந்தால் கைப்பிடி இடுக்கில் எலக்ட்ரிக் டேப் ஒரு சுற்று. பார்க்க நன்றாக இல்லை என்று அவன் முகம் சுளிப்பான்.

குளிரும் ஆகாது. நவம்பரில் ஒன்பது வோல்ட் பேட்டரி சோர்ந்துபோகும், பந்தின் கூடு கண்ணாடிபோல நொறுங்கும், கிரீஸ் கெட்டிப்படும். மூன்றும் ஒரே காலையில் நடந்தால் மார்க்கர் மேல் பழி போடாதீர்கள். அல்கலைன் பேட்டரியாகப் பார்த்து வாங்கி, உபரி ஒன்றைச் சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பழையதை வாங்கப் போகும்போது

கையில் இவற்றை எடுத்துப் போங்கள்: நிரப்பிய டேங்க், புது ஒன்பது வோல்ட் பேட்டரி, சின்னக் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர், ஒரு தூரிகை. விற்பவர் "டேங்க் இல்லை, வீட்டில் போய்ப் போட்டுப் பாருங்கள், சூப்பராக ஓடும்" என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

முதலில் டேங்கைத் திருகி, காதைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். சீறும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விலை இருக்கிறது. டேங்க் சேரும் இடத்திலிருந்து வந்தால் பயப்பட வேண்டாம். டேங்கின் வாயில் இருக்கும் ஓ-ரிங், 015 என்ற அளவு, சில்லறைக் காசு. குழாய் வழியாகக் காற்று வந்தால் போல்டில் இருக்கும் ஓ-ரிங் ஒன்று தேய்ந்திருக்கிறது, அல்லது காய்ந்திருக்கிறது. வீட்டில் சரிசெய்யலாம், அதைச் சொல்லி இருபது டாலர் குறைக்கலாம். கைப்பிடிக்குள்ளிருந்து வந்தால் சொலினாய்டாகவோ உள்ளே போகும் மெல்லிய ஹோஸாகவோ இருக்கும். ஹோஸ் என்றால் தப்பித்தீர்கள், சொலினாய்டு என்றால் இல்லை. வெளியே நின்றுகொண்டு எது என்று கண்டுபிடிக்க முடியாது, அதனால் நான் வாங்க மாட்டேன்.

சோப்புத் தண்ணீரை இணைப்புகளின் மேல் தூரிகையால் மட்டும் தொடுங்கள். சைக்கிள் ட்யூப்பைத் தொட்டித் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்ப்பது மாதிரி மார்க்கரை முக்கியவர்கள் இருக்கிறார்கள். போர்டுக்குக் கருமாதி.

அடுத்து கண். ஸ்விட்சைப் போட்டால் ஒரு விளக்கு எரியும். பந்து விழும் துளை வழியாக ஒரு பந்தை மெதுவாக இறக்குங்கள். விளக்கின் நிறமோ மினுக்கும் விதமோ மாற வேண்டும். மாறாவிட்டால் கண் அழுக்காக இருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம். காதுக்குச்சியால் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் கம்பிதான்.

பிறகு சுட்டுப் பார்ப்பது. முகமூடி இல்லாமல் இதைச் செய்யக் கூடாது, விற்பவரும் போட்டிருக்க வேண்டும், அவர் வீட்டுக் கராஜாக இருந்தாலும் சரி. பத்துப் பந்து சுடுங்கள். மார்க்கரைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் ஊர்க்கதை பேசுங்கள். பிறகு ஒன்று. அந்த முதல் பந்து பொத்தென்று பக்கத்தில் விழுந்தால் உள்ளே ஓ-ரிங்குகள் ஒட்டிக்கொள்கின்றன. கிரீஸ் போட்டால் பெரும்பாலும் சரியாகும். அதற்கு நேர்மாறாக முதல் பந்து மட்டும் படு வேகத்தில் போனால் ரெகுலேட்டரின் சீல் தேய்ந்து அழுத்தம் மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறது. அது ஆபத்தானது. க்ரோனோவில் 280 காட்டிய மார்க்கர், புதரில் ஐந்து நிமிடம் பதுங்கியிருந்துவிட்டு முதல் பந்தை 310-இல் அனுப்பும்.

ட்ரிகரில் விரலை லேசாக ஆட்டிப் பாருங்கள். ஒரு தட்டுக்கு இரண்டு மூன்று சுடுகிறதா? முன்னால் வைத்திருந்தவர் ட்ரிகரை மிதமிஞ்சி இளக்கி வைத்திருப்பார், அல்லது ரேம்பிங் என்ற தானாக வேகம் கூட்டும் முறை போட்டிருப்பார். வார இறுதி ஆட்டத்தில் பல களங்கள் ஒரு தட்டுக்கு ஒன்று என்பதைத்தான் ஒத்துக்கொள்ளும். போட்டிகளில்கூட நொடிக்குப் பத்தை ஒட்டித்தான் உச்சவரம்பு. போர்டில் எந்த முறை, எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்பது மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டை இறக்கிப் படித்துவிட்டு, ஒரு தட்டுக்கு ஒன்று சுடும் செமி என்ற முறையில் வைத்துக் கொடுங்கள். படிக்காமல் மாற்ற ஆரம்பித்தால் ட்வெல் எண்ணும் கலைந்துவிடும். குறைந்தால் பந்து தளரும், கூடினால் காற்று வீணாகும், இரண்டையும் மார்க்கரின் கோளாறு என்று நினைத்துக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள்.

குழாயின் மரை எந்த வகை என்றும் கேட்டுவிடுங்கள். ஆட்டோகாக்கர் என்ற பழைய மார்க்கரின் மரை என்றால் எதிர்காலத்தில் எந்தக் கடையிலும் குழாய் கிடைக்கும். அயான் வேறு மரை. பழைய சாமான் கடைகளில் தேட வேண்டியிருக்கும்.

மேசையில் விரித்த பிறகு

கழற்றும் வரிசையை நான் மாற்றுவதே இல்லை, பையன் அவசரப்படுத்தினாலும். குழாய் வாயில் துணி உறை மாட்டியிருக்க வேண்டும். ஹாப்பரை எடுத்து, உள்ளே தங்கிய பந்தைக் கொட்ட வேண்டும். டேங்கைக் கழற்றிய பிறகும் மார்க்கருக்குள் ஒரு தடவை சுடும் அளவு காற்று மிச்சம் இருக்கும். வாயைத் தரைப் பக்கம் காட்டி, சத்தம் நிற்கும் வரை ட்ரிகரைத் தட்டித் தீர்க்க வேண்டும். பிறகு பேட்டரி. அதற்கப்புறம்தான் ஸ்பேனர்.

பெரும்பாலான ஸ்பூல் மார்க்கர்களில் பின்பக்க மூடியைத் திருகினால் போல்ட் மொத்தமாக வெளியே வந்துவிடும். வந்தவுடன் போனில் ஒரு படம் எடுங்கள். ஓ-ரிங்குகள் ஏழெட்டு இருக்கும், இரண்டு பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்து அளவில் நூலிழை வித்தியாசப்படும். பழைய கிரீஸைத் துணியால் துடையுங்கள். ஓ-ரிங்கை ஊசியால் நெம்பாதீர்கள். கீறல் விழுந்தால் அதுவே கசிவு. இரண்டு விரலால் அழுத்தித் தள்ளினால் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு எழும்பும், அதைப் பிடித்து உருட்டி எடுங்கள். விரல் நகத்தில் ஓட்டிப் பார்த்தால் வெட்டு இருப்பது தெரியும். கண்ணைவிட நகம் நம்பகமானது. அப்பா பம்புசெட் சீல்களைக் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பார்.

கிரீஸ் என்றால் பெயின்ட்பாலுக்கென்று விற்கும் ட்யூப், அல்லது மோலிகோட் 33. ஒவ்வொரு ஓ-ரிங்கும் ஈரமாகப் பளபளக்க வேண்டும், கட்டியாக நிற்கக் கூடாது. அதிகமானால் அது முன்னே ஒழுகிக் கண்ணின் மேல் பூசிக்கொள்ளும். டபிள்யூடி-40 தெளிக்கவே தெளிக்காதீர்கள். இருக்கிற கிரீஸையும் கழுவிவிட்டுப் போய்விடும். தேங்காய் எண்ணெய் போடலாமா என்று ஒரு தோழி கேட்டாள். பிட்ஸ்பர்க் குளிரில் அது என்ன ஆகும் என்று அவள் வீட்டு பாத்ரூம் பாட்டிலைப் பார்த்தாலே தெரியும்.

முக்கியமாக ஒன்று: டேங்கில் காற்று நிரப்பும் நிப்பிளில் எண்ணெயோ கிரீஸோ ஒரு துளி படக் கூடாது. உயர் அழுத்தக் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே சூடேறும், எண்ணெய் இருந்தால் தீப்பற்றும். கிரீஸ் கையோடு டேங்கைத் தொட வேண்டாம் என்பதற்காக அதை நான் சமையலறைக்கே கொண்டுவருவதில்லை, ஷூ ராக் பக்கத்திலேயே இருக்கும். டேங்கிலிருந்து ரெகுலேட்டரைத் திருகி எடுக்கும் ஆசையும் யாருக்கும் வர வேண்டாம்; அது அதற்கென்று இருக்கும் கடைக்காரரின் வேலை.

போல்ட் வெளியே இருக்கும்போது கண்ணையும் துடைத்துவிடுங்கள். அதற்குப் பக்கத்தில் பந்து இரண்டாக இறங்காமல் தடுக்கும் சின்ன ரப்பர் விரல்கள் இருக்கும். தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். அவை தேய்ந்து இரண்டு பந்து சேர்ந்து இறங்கி, ஒரு மாதம் நான் கண்ணையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். மறுபடி மாட்டும்போது போல்டை நேராக, லேசாகச் சுழற்றிக்கொண்டே உள்ளே விடுங்கள். இறுக்கிப் பிடித்தால் நிறுத்திவிட்டு வெளியே எடுங்கள். பிளாஸ்டிக் உடம்பில் இறங்கும் ஸ்க்ரூக்களை விரல் நுனி பலத்தில் மட்டும் முறுக்குங்கள். மரை தேய்ந்தால் உடம்பையே மாற்ற வேண்டும், இந்த விலையில் அது இன்னொரு மார்க்கர்.

சரி, யாருக்கு வேண்டாம்? வருடத்துக்கு மூன்று தடவை யாருடைய பிறந்த நாளுக்கோ போய் விளையாடுகிறவர்களுக்கு வேண்டாம், வாடகையே லாபம். களத்தில் நல்ல காற்று கிடைக்காதவர்களுக்கு வேண்டாம். கழற்றிப் பூட்டுவதில் வீட்டில் ஒருவருக்கும் ஆசை இல்லை என்றால் பேட்டரியே இல்லாத காற்று மார்க்கர்கள் இருக்கின்றன. பிளானெட் எக்லிப்ஸில் ஈத்தா 2-க்குள் இருக்கும் அதே காமா கோர் போல்ட்தான் மெக்கானிக்கலான எமெக்கிலும் இருக்கிறது; பேட்டரியும் கண்ணும் சொலினாய்டும் கிடையாது. இன்றைக்குப் புதிதாக வாங்குவதாக இருந்தால் நான் அந்தப் பக்கம்தான் சாய்வேன். பையனிடம் சொல்லிவிடாதீர்கள்.

டிசம்பரில் எடுத்து வைக்கும்போது போல்டில் புதுக் கிரீஸ் போட்டு, டேங்கில் கொஞ்சம் காற்றை மிச்சம் வைத்து, வெயிலும் ஹீட்டரும் படாத அலமாரியில் தனித்தனியாக வையுங்கள். பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். முதல் வருடம் நாங்கள் அதை மட்டும் மறந்தோம். மார்ச்சில் கைப்பிடியைத் திறந்தால் பேட்டரி மாட்டும் கிளிப்பில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. வினிகர் தொட்ட காதுக்குச்சியால் சுரண்டிச் சுரண்டித் துடைத்து, காய வைத்து, புது பேட்டரியைச் சொருகினேன். விளக்கு எரியவில்லை. கம்பியை அரை அங்குலம் வெட்டி, இரண்டு டாலர் கிளிப்பைப் பற்ற வைத்த பிறகுதான் எரிந்தது. பையன் அதற்குள் தட்டோடு டிவி முன்னால் போயிருந்தான்.